கவசம் உரித்த கேபிள்

எங்கள் வீட்டு மொட்டை மாடியின் ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி, எதிர்மூலையில் படிக்கட்டு அறை. தொட்டியின் மேல் ஒரு சின்ன ஆண்டெனா வைத்திருக்கிறேன். 6.9 சென்டிமீட்டர் செப்புக் கம்பி ஒன்று நிமிர்ந்து நிற்கும். அதன் காலடியில் அதே நீளத்தில் நான்கு கம்பிகள் சாய்வாக விரிந்திருக்கும். மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்கள் தங்கள் உயரத்தையும் இருப்பிடத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் சொல்லிக்கொண்டே வருகின்றன. அதைப் பிடித்துக் கணினியில் படமாகப் பார்ப்பது என் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. கணினி இருப்பது படிக்கட்டு அறையில். நடுவே 12 மீட்டர்.

அந்த 12 மீட்டருக்கு முதலில் போட்டிருந்தது ஆர்ஜி-58 கேபிள்: நடுவே ஒரு கம்பி, சுற்றிலும் உலோகக் கவசம். அளந்தபோது இழப்பு 7.5 டெசிபல். ஆண்டெனா பிடித்த சக்தியில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கீழே வந்து சேரவில்லை. இதற்குச் சரியான தீர்வு பத்து நிமிட வேலை: டிஷ் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிளை மாற்றிவிட வேண்டியதுதான். டிஷ்ஷைக் கழற்றியதில் மிஞ்சிய முப்பது மீட்டர் சுருள் பரணில் கிடந்தது. அதை எடுத்து மாற்றாமல், வேறு சோதனைகளில் இறங்கி, கடைசியில் அதன் கவசத்தை உரித்தேன். இந்தப் பதிவு அந்த உரித்தலைப் பற்றியது.

கேபிளுக்குக் கவசம் எதற்கு என்று கேட்டால் அலை வெளியே சிந்தாமல் இருக்க என்போம். ஆனால் ஒற்றைக் கம்பியின் மேற்பரப்பை ஒட்டியே மின்காந்த அலை போக முடியும் என்று 1899-இலேயே ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்டு கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். காற்றும் உலோகமும் சந்திக்கும் எல்லையில் அது தொற்றிக்கொண்டு போகும். நல்ல கடத்தியாக இருந்தால் பிடிப்பு மிகவும் தளர்ந்துவிடும் என்பதுதான் சிக்கல்: அலை கம்பியைச் சுற்றி மீட்டர் கணக்கில் பரந்து கிடக்கும், நடைமுறைக்கு உதவாது. 1950-இல் கௌபாவ் என்பவர் அதற்கு ஒரு வழி கண்டார். அவரும் ஜெர்மனியில் பிறந்தவர்தான். போருக்குப் பின் அமெரிக்க ராணுவத்தின் தகவல்தொடர்பு ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். கம்பிமேல் மெல்லிய மின்காப்புப் பூச்சு ஒன்று இருந்தால் அலையின் நடை கொஞ்சம் தளரும். வெற்றுக் காற்றில் போகும் வேகத்தைவிடக் குறைந்துவிட்டால் அதனால் பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு போக முடியாது, கம்பியோடேயே ஒட்டிக்கொள்ளும் என்றார். அலையைக் கம்பிமேல் ஏற்றவும் இறக்கவும் இரண்டு முனையிலும் ஒரு கூம்பு, நடுவே ஒற்றைக் கம்பி. அவ்வளவுதான் அவருடைய கருவி. ஐம்பதுகளில் அமெரிக்க மலைக்கிராமங்களில் உச்சியிலிருந்த தொலைக்காட்சி ஆண்டெனாவிலிருந்து அடிவாரத்துக்குச் சைகையைக் கொண்டுவர இதைக் கட்டியிருக்கிறார்கள்.

கூம்புக்காகத் தகர வேலை செய்யும் கடைக்குப் போனேன். வாய் 30 சென்டிமீட்டர், நீளம் 35, அடித்துளை 12 மில்லிமீட்டர், இரண்டு வேண்டும் என்றேன். கடைக்காரப் பெரியவர் தகடைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“இவ்வளவு பெரிய புனலா? எத்தனை லிட்டர் ஊற்றப் போகிறீர்கள், தம்பி?”

“ஊற்றுவதற்கு இல்லை, ஐயா. ரேடியோவுக்கு.”

“ஒலிபெருக்கி என்று சொல்லுங்கள்” என்று தானே முடிவுசெய்துகொண்டு வெட்ட ஆரம்பித்தார். மூட்டு முழுவதையும் ஈயம் வைத்து அழகாகப் பற்றி அடைத்துத் தந்தார். தண்ணீர் ஊற்றினாலும் ஒழுகாது.

அடித்துளையில் நான்கு திருகுகளோடு ஒரு ‘N’ வகைக் கனெக்டர். அதன் நடு ஊசியில் கம்பியைப் பற்றவைத்தாயிற்று. எதிர்முனையிலும் அப்படியே. கம்பி எங்கும் எதையும் தொடக் கூடாது என்பதால் மாடியின் இரு ஓரத்திலும் மூங்கில் கழி நட்டு, கூம்புகளைத் தூண்டில் நரம்பால் இழுத்துக் கட்டினேன். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம். அளப்பதற்கு 1500 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் கையடக்கப் பகுப்பாய்வுக் கருவி ஒன்று இருக்கிறது. ஒரு வாயில் சைகையை அனுப்பி, மறுவாயில் எவ்வளவு வந்தது என்று அதிர்வெண் வாரியாகத் திரையில் கோடாகக் காட்டும். அதன் இரண்டு வாய்களும் ஒரே பெட்டியில் இருக்க, கம்பியின் முனைகளோ 12 மீட்டர் விலகி இருக்கின்றன. அதனால் மறுமுனையிலிருந்து திரும்பி வர ஒரு நீளக் கேபிள் போட்டு, அந்தக் கேபிளின் இழப்பை முதலிலேயே பூஜ்யமாக்கிக்கொண்டேன். அந்தக் கேபிளைச் சோதனைக் கம்பிக்கு நேர் கீழே ஓட விடாதீர்கள். கைப்பிடிச் சுவரைச் சுற்றிக்கொண்டு போகட்டும்.

கம்பி கட்டுவதற்கு முன் வெறும் கூம்புகளை ஒன்றையொன்று பார்க்க வைத்து அளந்தேன். இழப்பு 42 டெசிபலுக்கு மேல். அதற்கப்பால் என் கருவிக்கு இரைச்சல்தான் தெரியும். இதைச் செய்யாமல் விட்டிருந்தால், அலை கம்பி வழியாகத்தான் வந்தது, காற்றில் தாவி வரவில்லை என்று பின்னால் யாரிடமும் சாதிக்க முடியாது.

முதல் கம்பி, மோட்டார் சுற்றும் எனாமல் செப்புக் கம்பி, ஒரு மில்லிமீட்டர். பூச்சு இருக்கிறது, கௌபாவ் சொன்னது அதைத்தானே என்ற நினைப்பு. இழப்பு 13 டெசிபல். ஆர்ஜி-58-ஐவிட மோசம். அதைவிட வேடிக்கை, நான் நாற்காலியில் கால்மேல் கால் போட்டால்கூடத் திரையில் கோடு அசைந்தது. கம்பிக்கும் எனக்கும் ஒரு மீட்டர் இடைவெளி.

இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டபின்தான் புரிந்தது. எனாமல் பூச்சின் கனம் நூறில் நான்கு மில்லிமீட்டர். அது அலையைத் தளர்த்துவது ஆயிரத்தில் நான்கு பங்கு மட்டுமே. பிடிப்பு அவ்வளவு லேசானதால், அலையின் புலம் கம்பியிலிருந்து அரை மீட்டர் தள்ளிப் போனபின்தான் அழுத்தமாகத் தேய ஆரம்பிக்கிறது. என் கூம்பின் ஆரம் 15 சென்டிமீட்டர். கிணற்றுத் தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்த கதை. எனாமல் கம்பிதான் வேண்டும் என்றால் ஆளுயரக் கூம்பு வேண்டும். இல்லையென்றால் பூச்சு தடிமனாக வேண்டும்.

அடுத்தது வீட்டு வயரிங்குக்குப் போடும் பிவிசி கம்பி. சராசரி இழப்பு 8 டெசிபல். நாற்காலி நாட்டியம் நின்றது. ஆனால் கோடு சமமாக இல்லை; அலை அலையாக, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இரண்டரை டெசிபல் வித்தியாசம். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடு ஏறத்தாழ 12 மெகாஹெர்ட்ஸ் தள்ளி. இந்த 12 ஒரு துப்பு. கம்பியில் அலை போகும் வேகத்தை இருமடங்கு நீளத்தால், அதாவது 24 மீட்டரால், வகுத்தால் வருவது அதுதான். இரண்டு கூம்புகளிலும் அலை முட்டித் திரும்புகிறது, நடுவே பந்தாடப்படுகிறது என்று பொருள்.

முட்டுவதற்குக் காரணம் கூம்பின் அடித்தொண்டை. 12 மில்லிமீட்டர் துளையில் ஒரு மில்லிமீட்டர் கம்பி நின்றால் அங்கே மின்னெதிர்ப்பு (அலைக்கு அந்த இடம் காட்டும் எதிர்ப்பு) சுமார் 150 ஓம். கனெக்டர் 50 ஓம். வாய்ப்பக்கம் போகப் போக 340 வரை ஏறுகிறது. வாய்ப்பக்க ஏற்றம் மெதுவானது, அது அலைக்குச் சிரமமில்லை. தொண்டையில் இருக்கும் படிக்கட்டுதான் தொல்லை. அதைச் சரிவாக்க வேண்டும். மெல்லிய செப்புத் தகடை மருதாணிக் கோன் சுற்றுவது போல நீளமாகச் சுற்றினேன். அடியில் 5 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், அங்கே சரியாக 50 ஓம். 25 சென்டிமீட்டர் நீளத்தில் மெலிந்து மெலிந்து கம்பியின் பருமனுக்கே வந்துவிடும். முதல் இரண்டும் கோணிக்கொண்டன. மூன்றாவதை ஒரு நூல்கதிரின் மேல் வைத்து உருட்டியபோது நேராக வந்தது. அதைக் கம்பியில் மாட்டி ஊசியோடு சேர்த்துப் பற்றவைத்தேன். மேடு பள்ளம் அடங்கிவிட்டது. இழப்பு 5.4.

கூம்பு செய்யும் வேலை எனக்கு அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. கேபிளுக்குள் மின்புலக் கோடுகள் நடுக்கம்பியில் புறப்பட்டுக் கவசத்தில் முடிகின்றன. கூம்பு அந்தக் கவசத்தை மெல்ல மெல்ல விலக்கிக்கொண்டே போகிறது. வாயைத் தாண்டும்போது முடிவதற்குச் சுவர் இல்லை. கோடுகள் வளைந்து, அரை அலைநீளம் தள்ளி, அதே கம்பிக்கே திரும்பி வந்து இறங்குகின்றன. சட்டென்று விலக்கினால் திசை தெரியாமல் காற்றில் போய்விடும். மெதுவாக விலக்கினால் பழகிக்கொள்கின்றன.

பிவிசி அலைக்கு நல்ல தோல் இல்லை. கொஞ்சம் சக்தியைச் சூடாக்கித் தின்றுவிடும். நல்ல தோல் எது என்று தேடப்போய்த்தான் பரணிலிருந்த ஆர்ஜி-6 மறுபடியும் கையில் வந்தது. அதன் நடுக்கம்பி ஒரு மில்லிமீட்டர். அதைச் சுற்றி நான்கரை மில்லிமீட்டர் விட்டத்தில் பாலிஎத்திலீன் நுரை. கம்பியும் தோலும் தயாராக இருக்கின்றன. மேலே இருக்கும் கவசத்தை மட்டும் கழற்றினால் போதும்.

மட்டும் என்று எழுதிவிட்டேன். இரண்டு மாலைகள் ஆயின. கறுப்பு மேலுறை பிளேடால் கீறினால் வந்துவிடும். பின்னலிட்ட அலுமினிய வலையைப் பின்னால் தள்ளித் தள்ளிக் கழற்றலாம். அதற்கடியில் இருக்கும் அலுமினியத் தாள் நுரையோடு பசை போட்டு ஒட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் நுரை பள்ளமாகிறது, பிளேடு வைத்தால் வெட்டுப்படுகிறது. தாளின் ஓரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் விளிம்பு கேபிள் நெடுகப் போகிறது. அந்த விளிம்பைக் கண்டுபிடித்து, ஒரு முனையைத் தூக்கி, பனங்கிழங்கின் தோலை உரிப்பது போல ஒரே சீராக, கம்பியோடு ஒட்டிய கோணத்தில் இழுத்தால் நாடாவாக வருகிறது. அவசரப்பட்டால் கிழிந்து திட்டாக நின்றுவிடும். ஒரு திட்டு விரலளவுக்கு மிஞ்சியதைக் கவனிக்காமல் கட்டிவிட்டேன். கோட்டில் மீண்டும் மேடுகள் தலைகாட்டின. கம்பியை விரலால் தடவிக்கொண்டே போய் அதைக் கண்டுபிடித்தேன்.

உரித்த கம்பியில் காந்தத்தை வைத்தால் ஒட்டுகிறது. உள்ளே இரும்பு, மேலே செப்புப் பூச்சு. சிலர் இதைப் பார்த்துக் கேபிள் போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதுண்டு. இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் செப்பின் மேற்பரப்பில் மில்லிமீட்டரில் ஐநூறில் ஒரு பங்கு ஆழத்துக்குத்தான் இறங்கும். உள்ளே இரும்பு இருந்தாலும் ஒன்றுதான், ஈர்க்குச்சி இருந்தாலும் ஒன்றுதான்.

கட்டினேன். இழப்பு 3.9 டெசிபல்.

இதில் கூம்புகளின் பங்கு எவ்வளவு, கம்பியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க ஒரு எளிய வழி உண்டு. அதே கூம்புகளை வைத்து 4 மீட்டர் கம்பியில் ஒரு தடவை, 12 மீட்டரில் ஒரு தடவை. 4 மீட்டரில் 3.3, 12 மீட்டரில் 3.9. இடையிலிருக்கும் 8 மீட்டர் தின்றது 0.6 டெசிபல். அதாவது மீட்டருக்கு 0.075. அதே கேபிள் கவசத்தோடு இருந்தபோது நான் அளந்தது மீட்டருக்கு 0.23. கவசத்தை உரித்தபின் இழப்பு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது! பத்தில் ஒரு டெசிபல் அளவுக்கு என் கருவி தடுமாறும், அதனால் கடைசி இலக்கத்தை நம்ப வேண்டாம். ஆனால் மூன்று மடங்கு வித்தியாசத்தை அந்தத் தடுமாற்றம் மறைக்காது. காரணமும் விளங்காததல்ல. கவசமுள்ள கேபிளில் புலம் முழுவதும் நுரைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு, நடுக்கம்பியிலும் கவசத்திலும் கனத்த மின்னோட்டத்தை ஓட்டுகிறது. உரித்தபின் சக்தியில் பெரும்பகுதி காற்றில் போகிறது. காற்று எதையும் வாங்கிக்கொள்வதில்லை.

அது காற்றில்தான் போகிறது என்பதற்கு நேரக் கணக்கு சாட்சி. 8 மீட்டரை ஒளி கடக்க 26.7 நானோவினாடி. கவசத்தோடு இருந்த ஆர்ஜி-6 அதே தூரத்துக்கு எடுத்துக்கொண்டது ஏறத்தாழ 32. உரித்த கம்பியில் வந்தது 28. நுரை அதே நுரைதான். அலை அதற்குள் கொஞ்சமும் வெளியே நிறையவுமாகப் போவதால்தான் வேகம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அந்தச் சின்னத் தளர்ச்சி, நூற்றுக்கு ஐந்து, பிடிப்புக்குப் போதும்: புலம் 13 சென்டிமீட்டரிலேயே தேய்ந்துவிடுகிறது, என் தகரக் கூம்புக்குள் அடங்குகிறது.

கையால் சோதித்துப் பார்த்தேன். கம்பியிலிருந்து 50 சென்டிமீட்டரில் உள்ளங்கையை நீட்டினால் ஒன்றும் இல்லை. 20 சென்டிமீட்டரில் கோடு லேசாகச் சிலிர்க்கிறது. 10 சென்டிமீட்டரில் முக்கால் டெசிபல் போகிறது. முஷ்டியால் மூடிப் பிடித்தால் ஆறு. கண்ணுக்குத் தெரியாத ஒரு வாழைத்தண்டு கம்பியைச் சுற்றி இருப்பதாகவும், அதன் தோலை விரலால் தொட்டறிவதாகவும் எனக்குத் தோன்றியது. அரை மணி நேரம் வேறு வேலை பார்க்கவில்லை.

எல்லையைப் பற்றிக்கொண்டு போகும் அலை எனக்குப் புதிதில்லை என்பதும் அந்த அரை மணி நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது. சிறுவயதில் தூத்துக்குடிப் பக்கம் உச்சி வெயிலில் மத்திய அலையில் சென்னை வானொலி கரகரக்கும்; இலங்கை வானொலி பக்கத்து வீட்டில் பேசுவது போல வரும். பகலில் மத்திய அலை வானத்தில் எதிரொலித்து வராது, தரையை ஒட்டித்தான் வர வேண்டும். காய்ந்த மண்ணைவிட உப்புக் கடல் ஆயிரம் மடங்கு நன்றாக மின்னைக் கடத்துகிறது. கடல்வழி வந்த அலை அலுங்காமல் வந்தது, மண்வழி வந்தது வழியிலேயே இளைத்துப்போனது. நிலத்துக்கும் காற்றுக்கும் இடையிலான எல்லையில் போகும் அலையை ஜெர்மானிய இயற்பியலாளர் ட்செனெக் 1907-இல் கணக்கிட்டார். உண்மையான ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து கிளம்பும் தரையலை அவர் எழுதிய அலையேதானா என்று அதன்பின் பல பத்தாண்டுகள் சண்டை போட்டார்கள். கம்பியில் அந்தச் சண்டைக்கு இடமில்லை. கூம்பைக் கழற்றினால் அலை இல்லை, மாட்டினால் இருக்கிறது.

இனி குறைகள். வளைவு முதல் எதிரி. படிக்கட்டு அறைக்குள் நுழைய ஒரு செங்கோணத் திருப்பம் தேவைப்பட்டது. பிளாஸ்டிக் குழாயில் வளைத்துப் பார்த்தேன், நான்கு டெசிபல் காற்றோடு போயிற்று. மூன்று தூண்டில் நரம்புகளால் இழுத்து அகன்ற வளைவாக்கியதும் ஒரு டெசிபலுக்கு இறங்கியது. கடைசியில் கூம்பையே திருப்பி வைத்து வளைவை ஒழித்தேன். அடுத்து, தொட்டியருகே சைகையைப் பெரிதாக்கும் முன்பெருக்கி ஒன்றை வைத்து அதற்கு 5 வோல்ட்டைக் கேபிள் வழியாகவே அனுப்புவது வழக்கம். ஒற்றைக் கம்பியில் மின்னோட்டம் திரும்பி வர வழியில்லை என்பதால் அது நடக்காது. வெள்ளை நுரை வெயிலுக்கு ஆகாது, நாளடைவில் பொரிந்து உதிரும். அதற்குத்தான் கறுப்பு உறை இருந்தது.

தண்ணீர் எல்லாவற்றுக்கும் மேல். தூறல் விழுந்த அன்று நுரையின் அடிவயிற்றில் துளிகள் மணிமாலை போல வரிசையாகத் தொங்கின. இழப்பு 6-ஐத் தாண்டியது. கம்பியை ஒருமுறை சுண்டினேன், துளிகள் உதிர்ந்தன, கோடு படியேறியது. மழையில்லாத நாளிலும் காலை ஐந்தரைக்கு, பனி படிந்திருக்கும்போது, 4.6. எட்டு மணி வெயிலில் 4-க்குத் திரும்பிவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் விமானங்களே வரவில்லை. இழப்பு 17 டெசிபல் என்றது கருவி. கனெக்டர் கழன்றுவிட்டதா என்று ஓடிப்போய்ப் பார்த்தால், கம்பியின் நட்டநடுவில் என் முழுக்கைச் சட்டை ஈரம் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது.

“கொடி கட்டியிருக்கிறாய் என்று நினைத்தேன்” என்றார் அம்மா. “இவ்வளவு உயரத்தில் எதற்குக் கட்டினாய் என்றுதான் யோசித்தேன்.”

பயன் என்ன என்று கேட்டால், என் மாடியளவுக்கு இல்லை. உரிக்காத ஆர்ஜி-6 இதே 12 மீட்டருக்கு 2.8 டெசிபல்தான் தின்கிறது. என் கம்பியும் கூம்புகளும் சேர்ந்து 3.9. கூம்புகள் இரண்டும் தலைக்கு ஒன்றரை டெசிபல் எடுத்துக்கொள்கின்றன. கணக்குப்படி 19 மீட்டருக்கு மேல் போனால்தான் உரித்த கம்பி ஜெயிக்க ஆரம்பிக்கும். எங்கள் மாடி மூலைக்கு மூலை 14 மீட்டர். எனவே சுருளில் மிச்சமிருந்த கேபிளை உரிக்காமல் தொட்டியிலிருந்து இழுத்துவிட்டேன். விமானங்கள் இப்போது அதன் வழியாக வருகின்றன.

கூம்புகள் அப்படியே இருக்கின்றன. வாயில் ஒரு செப்பு வளையம் சேர்த்து ஒன்றரையை ஒன்றாக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். அம்மாவுக்கு ஒரு மீட்டர் தள்ளி, தோளுயரத்தில், நைலான் கயிற்றில் தனிக் கொடி கட்டிக் கொடுத்திருக்கிறேன்.